இன்னும் இறங்கும் என்பவர்

ஊருக்கு ஒருவராக இருந்து, இப்போது வீட்டுக்கு ஒருவராகப் பெருகிவிட்ட ஜீவன் இவர். மின்சாரத்தை எந்தக் கம்பெனியிடமும் வாங்கலாம், விலை மணிக்கு மணி மாறும் என்று அரசாங்கம் அறிவித்த நாளிலிருந்து இவருக்கு வேறு பிழைப்பே இல்லை. பல் விளக்கும்போதே கைப்பேசியில் யூனிட் விலையைப் பார்ப்பார். ஏறியிருந்தால் மனைவி துணி துவைக்கக் கூடாது, மகள் தலைமுடி உலர்த்தக் கூடாது, மாமியார் மின்விசிறிக்கு அடியில் உட்காரக் கூடாது. இறங்கியிருந்தாலோ, "பொறுங்க, இன்னும் இறங்கும்" என்று அப்போதும் கூடாது. பிறகு எப்போதுதான் துவைப்பது? கேட்ட மனைவி நேற்றைய புடவையிலேயே ஆபீஸ் போகிறார்.

இவருடைய தங்கை கணவருக்கு ஐஸ்கிரீம் மொத்த வியாபாரம். கடன் வாங்கிக் கட்டிய குளிர்கிடங்கு. மூன்று வருஷத்துக்கு மின்சாரம் ஒரே விலை என்று ஒரு கம்பெனி ஒப்பந்தத்தை நீட்டியது. அவர் பேனாவையும் திறந்துவிட்டார். நம்மவர் விடுவாரா?

"மாப்பிள்ளை, விலை சரிஞ்சிக்கிட்டே இருக்கு. இப்பப் போய் மாட்டிக்கிறீங்களே!"

"ஏறிட்டா என்ன பண்றது மச்சான்? நிம்மதியாத் தூங்க வேணாமா?"

"ஏறவே ஏறாது. நான் சொல்றேன்ல?"

பேனா மூடப்பட்டது. அதே வாரம், புதிதாக மின்நிலையம் கட்டுகிறோம், பங்கு வாங்குங்கள் என்று ஒருவர் இவர் வீட்டுப் படியேறி வந்தார். இவர் சிரித்த சிரிப்பில் வந்தவருக்குக் காபி புரையேறியது.

"விலை இறங்கிக்கிட்டே போகுது. இதுல எவனாவது பணம் போடுவானா?"

எவனும் போடவில்லை. எல்லோரும் இவரளவுக்குப் புத்திசாலிகள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கடுங்கோடை வந்தது. ஊர் முழுக்க ஏசி ஓட, இருக்கிற மின்சாரம் போதாமல் விலை எகிறியது. கிடங்கை ஓட்டினால் கடையையே விற்க வேண்டும் என்று ஆனபோது, மாப்பிள்ளை தன் கையாலேயே சுவிட்சை அணைத்தார். வெனிலாவும் ஸ்ட்ராபெரியும் ஒன்றாகக் கலந்து வாசல் வழியே தெருவுக்கு ஓடின. தங்கை துடைப்பத்தோடு நின்றாள். அழவில்லை, அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள்.

நம்மவரோ பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு அந்த இளஞ்சிவப்பு வெள்ளத்தின் நடுவே நின்று கத்தினார்: "இவ்வளவு பெரிய ஊர்ல ஒருத்தனுக்காவது மின்நிலையம் கட்டணும்னு தோணுச்சா?"

பிறகு குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை, பயந்துபோய் எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. இறங்கும்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த மின்நிலையக்காரர், இவர் வீட்டுப் படியிறங்கி வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்து உங்கள் வீட்டு மணியைத்தான் அடித்தார். நீங்கள் அவருக்கு என்ன பதில் சொல்லி அனுப்பினீர்கள்?