ஆகஸ்ட் யாருக்கு?

"இந்தக் கட்டத்தைப் போட்டவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..." என்று கத்தியபடி விலிம் பேனாவைச் சமையலறைச் சுவரில் விட்டெறிந்தான்.

"சுவரு என்னங்க பண்ணுச்சு?" என்றாள் அவன் மனைவி யாஸ்னா. குடமிளகாய்க்குள் கொத்துக்கறி திணித்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர்கள் இரண்டே பேர், விலிமும் நெவென்காவும். ஆகஸ்டில் ஒருவருக்குத்தான் விடுமுறை. அது யாருக்கு என்பதைச் சொல்தேடல் புதிரில் தீர்த்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு பிரதி. எட்டுத் திசையிலும் ஒளிந்திருக்கும் சொற்களை முதலில் வட்டமிட்டு முடிப்பவருக்குக் கடல். வருஷா வருஷம் நெவென்காதான் ஜெயித்தாள். யாஸ்னா பிள்ளைகளோடு தீவுக்குப் போவாள். விலிம் கண்ணாடிக் கூண்டுக்குள் வெந்துகொண்டிருப்பான். இந்த வருஷமாவது ஜெயிக்கத்தான் வீட்டில் இந்தப் பயிற்சி.

"சின்னச் சொல்லா முதல்ல பிடிங்க. சுலபமா மாட்டும்," என்றாள் யாஸ்னா.

மூன்றெழுத்துச் சொல் திரும்பிய பக்கமெல்லாம் இருப்பதுபோல் தெரிந்தது. கட்டம் முழுக்கத் தப்புத்தப்பாக வட்டம் போட்டுவைத்தான்.

"அப்ப ஒண்ணொண்ணாத் தேடாதீங்க. மொத்தக் கட்டத்தையும் முறைச்சுப் பாருங்க. சொல்லு தானா எழும்பி வரும்."

சொல் வரவில்லை, தலைவலிதான் வந்தது.

"தாளைத் தலைகீழாத் திருப்புங்க. கண்ணு பழகிடும்."

கண் நன்றாகவே பழகியது. மறுநாள் வின்கோவ்சி போக வந்த பெரியவருக்கு வூகோவார் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டான். போன வேகத்தில் திரும்பி வந்தார் அவர்.

"யோவ், உனக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா?"

"உங்க ஊரை எவன்யா தலைகீழா எழுதி வெச்சான்?" என்று விலிமும் எகிறினான்.

மேலாளர் ஓடி வந்தார். "இன்னொரு தடவை இப்படி நடந்தா உனக்கு ஆகஸ்ட் மட்டுமில்ல, ஆயுசு முழுக்க லீவுதான்!"

போட்டியன்று வரும்போதே விலிமுக்கு உள்ளுக்குள் கொதித்தது. எதிரே நெவென்கா நிதானமாகக் காப்பியை உறிஞ்சினாள்.

"தாளைத் தலைகீழா வெச்சிருக்கீங்களே அண்ணே!"

"உன் வேலையைப் பாரு!"

ஆனாலும் ஆத்திரத்தில் தாளை நேராகத் திருப்பினான். சின்னச் சொற்களைச் சீண்டவே இல்லை. இருப்பதிலேயே நீளமான சொல்லை எடுத்தான். அதில் அவர்கள் மொழியில் வரும் 'š' மாதிரி, தலைக்கு மேல் கொக்கி வைத்த எழுத்து ஒன்று இருந்தது. கட்டத்தில் அந்த மாதிரிக் கொக்கிகள் கொஞ்சம்தான். வரிசை வரிசையாக விரலை ஓட்டிக் கொக்கியைப் பிடித்தான். சுற்றி எட்டுப் பக்கமும் பார்த்தான். சொல் சிக்கியது! அடுத்ததும் அப்படியே. நீளமானவை எல்லாம் தீர்ந்ததும், மிச்சமிருந்த இடத்தில் குட்டிச் சொற்கள் ஒளிய வழியில்லாமல் நின்றன.

"முடிஞ்சுது!" மேசை அதிரக் குத்தினான். "இத்தனை வருஷமா என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டயே! இந்தத் தடவை நீ உக்காந்து டிக்கெட் கிழி! நான் என் பொண்டாட்டி புள்ளைங்களோட கடலுக்குப் போறேன்!"

நெவென்கா அவன் தாளை வாங்கி ஒவ்வொரு வளையமாகச் சரிபார்த்தாள். ஒரு தப்புகூட இல்லை. அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"ஐயோ அண்ணே, யாஸ்னா அண்ணிக்கு நான் இப்ப என்ன பதில் சொல்லுவேன்? இதே வித்தையை எனக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தது அவங்கதானே! நீங்க கூட வராத அந்த ரெண்டு வாரந்தான் அவங்களுக்கு லீவாம்."