வெறும் குழாயில் வந்த வெளிச்சம்

மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஒத்துழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நடக்க வேண்டிய பதிவுத் திருமணத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். பெண்ணுக்கு மனமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மனம் இருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது.

ராக்கெட் கக்கும் புகையிலுள்ள வாயுக்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, புறஊதா ஒளியைப் பாய்ச்சி, அது எவ்வளவு சிதறுகிறது என்று அளப்பது அவள் வேலை. வாயுவை உறிஞ்சி எடுத்துவிட்டால் கருவி பூஜ்யம் காட்ட வேண்டுமாம். மூன்று வாரமாகக் காட்டவில்லை. வெறும் குழாயில் ஏதோ வெளிச்சம். இவளும் துடைக்கிறாள், கழற்றுகிறாள், மாட்டுகிறாள், கல்யாணப் பேச்சை எடுத்தால் "பூஜ்யம் வரட்டும்ப்பா, அப்புறம் பேசலாம்" என்கிறாள். பொறுத்துப் பார்த்துவிட்டு நேற்று நானே கூட்டிவரப் போனேன். அறை ஒரே இருட்டு. "கதவை மூடுங்கப்பா!" என்று கத்தினாள். மூடித் திரும்பினால், புறஊதா விளக்குப் பெட்டியின் இடுக்கில் கசிந்த ஒளி பட்டு, அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டு நீலமாக மின்னுகிறது. வேலை மும்முரத்தில் தன் உடுப்பை யார் பார்க்கிறார்கள்? முப்பது வருஷம் சலவைக்கடை நடத்துகிறவன், வாய் சும்மா இருக்குமா? "நம்ம கடை வெளுப்பும்மா, இருட்டுலகூட எப்படி ஜொலிக்குது பாரு!" என்றேன். அவள் குனிந்து பார்த்தாள். கோட்டைக் கழற்றி வெளியே வீசினாள். கருவி பூஜ்யத்துக்கு இறங்கியது.

"அப்பா, என்னத்தப் போட்டுத் துவைச்சீங்க?"

வெளுப்புத்தூள்தான். பெற்ற பெண்ணாயிற்றே என்று இரண்டு கரண்டி கூடுதல். அதில் கலந்திருக்கும் பளபளப்புச் சாயம் புறஊதா பட்டால் தானே ஒளிருமாம், அந்த ஒளிதான் கருவிக்குள் புகுந்திருக்கிறது. அவளுடைய மேலதிகாரி அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மூணு வாரமா நாங்க அளந்தது உங்க சலவையைத்தான் சார்" என்றார். இனி எட்டு வாயுக்களையும் முதலிலிருந்து அளக்க வேண்டும். குற்றம் முழுக்க என்னுடையது. மாப்பிள்ளைத் தம்பியிடம் தாங்களே பக்குவமாகச் சொல்லுங்கள், எனக்கு முகமில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், சம்பந்தி அம்மாவிடம் மன்னிப்பும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
பெண்ணைப் பெற்றவன்

பி.கு.: உறையை ஒட்டும்போது மகள் போன் செய்தாள். அந்த விளக்கு சூடாகி நிலைக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். இன்று காலை அந்த இடைவெளியில் உங்கள் மகனும் இவளும் பதிவு அலுவலகத்துக்கு ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். சாட்சிகளில் ஒருவர், மேலதிகாரி அம்மாள். "எதுக்குப்பா தள்ளிவைக்கணும்?" என்கிறாள். ஆகவே வெள்ளிக்கிழமை தாங்கள் மட்டும் வாருங்கள். நாம் இருவரும் உட்கார்ந்து கோபப்படலாம்.