விசிறி கறுப்புதான், மச்சான்

வாபாஷ், இந்தியானா
ஆகஸ்ட் 19, 2024, திங்கட்கிழமை

என் பெருமதிப்பிற்குரிய மச்சான் டெல்பர்ட் கோஷர்ட் அவர்களுக்கு,

ஆரின் ஸ்டக்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை லவானும் நலம். அங்கு தாங்களும் வில்மா அக்காவும் தங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இது ஒரு மன்னிப்புக் கடிதம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று உங்கள் தங்கை சொல்லியிருக்கிறாள். கடந்த சனிக்கிழமை, பழைய கார் கண்காட்சியில், நானூறு பேர் பார்த்திருக்க, தாங்கள் அரும்பாடுபட்டு எழுதிய ‘டன்மோர் கார்கள்: நடுவர் கையேடு’ என்னும் நூல் என் கையிலிருந்து நழுவி, பக்கத்தில் மாவு பொரித்துக்கொண்டிருந்த கடையின் எண்ணெய்ச் சட்டியில் விழுந்துவிட்டது. அதற்காக மனமார வருந்துகிறேன். பன்னிரண்டு அடி தூரத்துக்கா ஒரு புத்தகம் நழுவும் என்று நீங்கள் கேட்கலாம். காற்று அடித்தது.

மன்னிப்பு இத்துடன் முடிந்தது. இதுவரை எழுதியதை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். “ம்” என்று சொல்லிவிட்டுத் தக்காளி பறிக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அவள் கூடை நிறைவதற்குள், நடந்தது என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன்.

முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நிம்மதியாக மீன் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். ஒரு மாட்டுக் கொட்டகையில், கோழிகள் குடியிருந்த 1956ஆம் வருஷத்து டன்மோர் ரீஜென்ட் ஒன்றைக் கண்டு, கோழிகளைக் கிளப்பிவிட்டு வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்தேன். அன்று நீங்கள் வந்து, வண்டியைச் சுற்றி மூன்று முறை நடந்து, கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில் பையன்களைப் பார்த்த அதே பார்வையோடு என்ன சொன்னீர்கள்? “மாப்ளே, சீர்படுத்துறதுன்னா தொழிற்சாலை வாசலைத் தாண்டி வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கணும். ஆதாரம் இல்லாம ஒரு திருகை முடுக்கினாலும் அது கார் இல்ல, சிங்காரிச்ச பொணம்.” அந்த ஒரு வாக்கியம் என் மூன்று வருஷத்தைத் தின்றது, மச்சான். தொழிற்சாலை அறுபத்து மூன்றிலேயே மூடியாயிற்று. ஆதாரத்துக்கு எங்கே போவது? முதலில் ஒரு பழைய சாமான் சந்தையில், கண்ணாடித் தாளில் சுற்றி ஒட்டிய பணிமனைக் கையேடு கிடைத்தது. வாங்கினால்தான் பிரிக்கலாம் என்றான் கடைக்காரன். வாங்கிப் பிரித்தால் அது டன்மோர் கம்பெனியின் பால் வண்டிக்கான கையேடு. இன்றைக்கு இந்த மாவட்டத்தில் எங்கே பால் வண்டி நின்றுபோனாலும் என்னைக் கூப்பிடலாம். இரண்டாவதாக வந்தது நகல் எடுத்த பிரதி. எடுத்த புண்ணியவான் பக்கத்துக்குப் பக்கம் தன் கட்டைவிரலையும் சேர்த்து எடுத்திருந்தான். கைரேகை துல்லியமாக விழுந்திருந்தது, திருகுகளின் அளவுதான் விழவில்லை. மூன்றாவது, பின்சீட்டின் கம்பிச் சுருளுக்குள் செருகிக் கிடந்த ஒரு சீட்டு. எந்த வண்டிக்கு எந்த நிறம், எந்த இருக்கை, எந்த ரேடியோ என்று தொழிற்சாலையில் குறித்து அனுப்புவார்களே, அதேதான். எலி கடித்தது போக முக்கால்வாசி மிஞ்சியிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தச் சீட்டின்படி என் வண்டி இளஞ்சிவப்பு. ஒரு கதவை அடித்தும் முடித்துவிட்டேன்.

உங்கள் தங்கை வந்து பார்த்தாள். “இது என்னங்க, வாயைக் கழுவுற மருந்து மாதிரி இருக்கு?”

“தொழிற்சாலை ஆதாரம் லவான். நீயே பாரு.”

அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “இந்தச் சீட்டுல வண்டி நம்பர் ஏழுல முடியுது. நம்ம வண்டி நம்பர் நாலுல முடியுது. வேற ஏதோ வண்டியோட சீட்டை நம்ம வண்டி இருக்கைக்குள்ள போட்டுட்டுப் போயிருக்கான். சாப்பிட வாங்க.”

சரி, போகட்டும். விசிறிக்கு வருகிறேன். ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றுகிற அந்த நாலு இதழ் விசிறியை மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறப்போட்டுத் தேய்த்தேன். அழுக்குக்கு அடியிலிருந்து கறுப்பு வண்ணம் பளபளவென்று வந்தது. உங்கள் கையேட்டைப் புரட்டினேன். பக்கம் நாற்பத்தேழு: ‘விசிறி: பச்சை. ஐயத்துக்கு இடமில்லை.’ உடனே உங்களுக்குப் போன் போட்டேன். நாம் பேசியது உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது.

“மச்சான், விசிறியில கறுப்பு தெரியுது.”

“அது அழுக்கு.”

“கழுவிட்டேன் மச்சான்.”

“நல்லாக் கழுவல.”

“இதுக்கு மேல கழுவினா விசிறியே இருக்காது!”

“இங்க பாரு மாப்ளே, பச்சைன்னா பச்சை. கறுப்பு அடிச்சிட்டுக் கண்காட்சிக்கு வந்தீன்னா அஞ்சு மார்க் போச்சு.”

இணையத்தில் தேடினேன். நெப்ராஸ்காவில் ஒருவன் பச்சை என்றான், ஆரிகனில் ஒருவன் பச்சை என்றான், கனடாவில் ஒருவன் கரும்பச்சை என்று கூடுதலாகவே அளந்துவிட்டான். மூன்று பேருக்கும் எழுதி, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று பேரும் ஒரே பதில் போட்டார்கள்: டெல்பர்ட் கோஷர்ட்டின் கையேடு. ஆக, இந்த உலகத்திலேயே பச்சை என்று சொன்ன ஒரே ஆள் நீங்கள். மற்றதெல்லாம் எதிரொலி.

அப்போதுதான் முடிவெட்டும் கடையில், லோகன்ஸ்போர்ட்டில் இருக்கும் ஒட்டிலி க்ரான்ட்ஸ் அம்மாளைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எண்பத்தெட்டு வயது. டன்மோர் தொழிற்சாலையின் சர்வீஸ் பிரிவில், கம்பெனிச் சுற்றறிக்கைகளை அடிக்கும் டைப்பிஸ்டாக இருந்தவர். கம்பெனியை மூடியபோது காகிதங்களை எல்லாம் கொல்லையில் போட்டுக் கொளுத்தக் கிளம்பினார்களாம். “நான் அடிச்சதை நீங்க யாரு எரிக்கிறதுக்கு?” என்று சண்டை போட்டு, மூன்று இரும்பு அலமாரிகளை மைத்துனன் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அறுபத்தோரு வருஷமாக அவை அவருடைய நிலவறையில் நிற்கின்றன. நான் கதவைத் தட்டி, விசிறி, சுற்றறிக்கை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏணி ஏறுவியா?”

“ஏறுவேன்மா.”

“கூரை ஓரத்துத் தகரத்துல இலை அடைச்சுக் கிடக்கு. அதை எடு. அப்புறம் பேசலாம்.”

எடுத்தேன். உருளைக்கிழங்கு மசியல் மேல் முட்டை நூடுல்ஸை ஊற்றி, மறுக்க முடியாத அளவில் சாப்பாடு போட்டார். பிறகு கீழே போய் ஒரே ஒரு சுற்றறிக்கையை எடுத்து வந்தார். அதில் கதவுக் கைப்பிடி பற்றி மட்டும் இருந்தது. “மிச்சம் அடுத்த சனிக்கிழமை. வாசப்படி ஆடுது.” இப்படியே பதினோரு சனிக்கிழமைகள். வாசற்படி, புல்வெளி, சமையலறைக் குழாய், கண் டாக்டர். ஒரு நாள் அவருடைய பூனையைக்கூட டாக்டரிடம் கொண்டுபோனேன். அது என்னைக் கடித்தது, அன்றைக்குக் கிடைத்த சுற்றறிக்கையோ தரை விரிப்பு பற்றியது.

உங்கள் தங்கை சும்மா இருப்பாளா? “சர்ச்சுக்குக் கூப்பிட்டா முதுகு வலி. அந்தம்மா வீட்டுக் கூரை மேல ஏறும்போது எங்க போகுது அந்த முதுகு?” என்று கேட்டு, ஐந்தாவது வாரம் கூடவே வந்துவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. இருவரும் பார்த்த கணத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள். அதன்பிறகு எனக்கு வேலை சொல்ல இரண்டு பேர்.

பதினோராவது வாரம் அது வந்தது. சுற்றறிக்கை எண் 31, மார்ச் 12, 1956. ‘விசிறி இதழ்கள் அனைத்தும் கறுப்பு. விதிவிலக்கு இல்லை.’ க்ரான்ட்ஸ் அம்மாள் விரலால் தொட்டுக் காட்டினார். “இதை அடிச்சது நல்லா ஞாபகம் இருக்கு. எங்க மேனேஜருக்குக் கறுப்புன்னு பிழையில்லாம எழுத வராது. நான்தான் திருத்தி அடிச்சேன்.” நான் அந்த நிலவறையிலேயே உங்கள் தங்கையைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றினேன். அலமாரியில் இடித்துக்கொண்டாள்.

கடந்த சனிக்கிழமை கண்காட்சிக் கதை உங்களுக்கே தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரிந்த விதம் தவறு. நடுவராக வந்து விசிறியைப் பார்த்தீர்கள். சிவப்புப் பென்சிலை எடுத்தீர்கள். நான் சுற்றறிக்கையை நீட்டினேன். “இது கையேட்டுல இல்ல” என்றீர்கள். “கையேடு தப்பு மச்சான்” என்றேன். “நடுவர் கையேட்டை வச்சுத்தான் மார்க் போடுவார்” என்றீர்கள். எங்களோடு வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த க்ரான்ட்ஸ் அம்மாள் எழுந்து வந்து, “தம்பி, அதை டைப் அடிச்சவளே நான்தான்” என்றார். அதற்கு நீங்கள் தொப்பியைக் கழற்றி, ரொம்ப மரியாதையாக, “அம்மா, நீங்க சொல்றதை மறுக்கல. ஆனா நீங்க எந்த ஆவணத்துல இருக்கீங்க?” என்று கேட்டீர்கள்.

“கல்லறைக் கல்லுல இருப்பேன். அப்ப வந்து படிச்சுக்கோ” என்றார் அம்மாள்.

அப்போதுதான் காற்று அடித்தது.

பிறகு நீங்கள், “இனி உன் வீட்டு வாசல்ல கால் வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சொன்னபடி நேற்று வரவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் நீங்களும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வராதது இதுதான் முதல் தடவை. உங்கள் தங்கை வழக்கம்போல நாலு தட்டு வைத்தாள். ஒரு மணி வரை ஜன்னலைப் பார்த்தாள். பிறகு இரண்டு தட்டுகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருந்தாலும் நியாயம் நியாயம்தானே. ஒரு மனிதன் ஆதாரம் ஆதாரம் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு, தானே ஓர் ஆதாரமும் இல்லாமல் பச்சை என்று அச்சடித்து, நாலு ஊர் விசிறிகளைப் பச்சையாக்கி வைத்திருந்தால் அவரை என்னவென்று சொல்வது? விசாரிக்காமல் எழுதினீர்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை உங்களுக்கு. பெரிய மனுஷன் என்று காட்டிக்கொள்ள வாய்க்கு வந்ததை எழுதிவிட்டீர்கள். ஆகவே பக்கம் நாற்பத்தேழைத் திருத்த வேண்டும், என் ஐந்து மதிப்பெண்ணைத் திருப்பித் தர வேண்டும், க்ரான்ட்ஸ் அம்மாளிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். போகும்போது ஏணி கொண்டுபோகவும்.

வில்மா அக்காவுக்கு என் வணக்கங்கள். தங்கள் முழங்கால் குளிர்காலத்துக்கு முன் குணமாக ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் ஐந்து மதிப்பெண்ணுக்கும் காத்திருக்கும் தங்கை கணவன்,
ஆரின் ஸ்டக்கி

பின்குறிப்பு: உங்கள் தங்கை தக்காளிக் கூடையோடு வந்து, “மன்னிப்புக் கேக்க இத்தனை பக்கமா?” என்று வாங்கி முழுவதும் படித்தாள். உள்ளே போய் ஒரு பழைய உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நேற்று சாயங்காலம் வில்மா அக்கா உங்களுக்குத் தெரியாமல் கொண்டுவந்து கொடுத்ததாம். உறையின் மேல் உங்கள் சிவப்புப் பென்சிலில் ‘பக்கம் 47க்கு ஆதாரம்’ என்று இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு கடிதம், பிப்ரவரி 1987. ‘பெருமதிப்பிற்குரிய மச்சான், தாங்கள் கேட்ட டன்மோர் விசிறியின் நிறம் பச்சை. என் இரு கண்களால் பார்த்தேன். ஐயத்துக்கு இடமில்லை.’ கையெழுத்து என்னுடையது.

எழுதியதையே அடியோடு மறந்திருந்தேன். கல்யாணமாகி அப்போது எட்டு மாதம். உங்களுக்கு முன்னால் எனக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. நான் பார்த்தது எங்கள் சித்தப்பாவின் டிராக்டர் விசிறி.

இதை முப்பத்தேழு வருஷம் நம்பி, அச்சடித்து, சனிக்கிழமை நானூறு பேர் முன்னால் பழியைத் தாங்கி நின்றீர்கள். ‘இதைச் சொன்னவனே இவன்தான்’ என்று ஒரு விரல் நீட்டியிருந்தால் போதும், நீட்டவில்லை. ஆகையால் மேலே ‘நீங்கள்’ என்று நான் திட்டியிருக்கும் இடங்களில் எல்லாம் ‘நான்’ என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். கிழித்துப்போட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். உங்கள் தங்கை விடவில்லை. “இப்படியே அனுப்புங்க. அண்ணன் வாய்விட்டுச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு” என்கிறாள்.