டயர் கடைக்காரரின் கண்ணீர் வைத்தியம்

டயர் கடைக்காரருக்குப் பிடிக்காதவை இரண்டு. ஒன்று பஞ்சர், இன்னொன்று அழுகை. இரண்டுமே கவனக்குறைவால் வருபவை என்பது அவர் கட்சி. டிவியில் கதாநாயகி மூக்கை உறிஞ்சினால் போதும், "குழாயைத் திறந்துட்டாங்கய்யா!" என்று கெக்கலிப்பார். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் கண்ணைத் துடைத்தால், "இவருக்கு மீசை ஒரு கேடா?" என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்பார். மனைவி அழுதால் செய்தித்தாளைக் குடைபோலத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வார்.

இப்பேர்ப்பட்ட வீரர், தான் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் சங்கச் செயலாளர் தேர்தலில் குதித்தார். அங்கே லிஃப்ட் பாதி வழியில் தூங்கிவிடும். தண்ணீர் லாரி நினைத்தபோது வரும். லாரிக்காரனை ஒன்று கேட்டால் ஒன்பது பேசுவான்.

"இந்தக் கட்டடத்துக்கு ஒரு இரும்பு மனுஷன் வேணும்யா!" என்று படி ஏறும்போதும் இறங்கும்போதும் முழங்கினார் டயர் கடைக்காரர். முழங்கி முழங்கி ரத்த அழுத்தம் எகிறியது. தலை பிளந்தது. தூக்கம் போன இடம் தெரியவில்லை.

டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கடைசியா எப்ப அழுதீங்க?"

"பிறந்தப்ப."

"டயர்ல காத்து ஜாஸ்தியானா என்ன பண்ணுவீங்க?"

"வால்வை அமுக்கி இறக்குவேன்."

"உங்க முகத்துலயே ரெண்டு வால்வு இருக்கே! அழுதா இறுக்கம் தளரும், மனசு லேசாகும், நல்லா தூக்கம் வரும். மாத்திரையோட அதையும் சேர்த்துக்குங்க."

இரும்பு மனுஷன் அழுவது வெளியே தெரிந்தால் ஓட்டு என்ன ஆவது? மறுநாள் காலையில் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அழுகை வரவில்லை. சோகமாக எதையாவது நினைக்கப் பார்த்தார். மற்றவர்களின் சோகம் எல்லாம் அவருக்குச் சிரிப்பைத்தான் தந்தது. கடைசியில், தேர்தலில் தான் தோற்றுப்போவதாக நினைத்துக்கொண்டார். வந்தது பாருங்கள், மடை திறந்த மாதிரி!

"என்னை இப்படிப் பண்ணிட்டியே! நான் என்ன பாவம் பண்ணேன்! நாலு பேர் முன்னாடி தலை காட்ட முடியுமா!" என்று கற்பனை வாக்காளரைப் பார்த்துக் கதறினார்.

சும்மா சொல்லக்கூடாது, வைத்தியம் வேலை செய்தது. தலைவலி பறந்தது. அன்றைக்குக் கடையில் பாட்டுப் பாடிக்கொண்டே டயர் கழற்றினார். படுத்ததும் குறட்டை. அதிலிருந்து தினமும் காலையில் ஒரு பாட்டம் அழாமல் அவர் பல்கூடத் தேய்ப்பதில்லை.

ஆனால் அந்தக் குளியலறை ஜன்னல் எந்தச் சந்துப் பக்கம் திறந்ததோ, அதே சந்துப் பக்கம்தான் எல்லா மாடிச் சமையலறை ஜன்னல்களும் திறந்தன. மகா புத்திசாலிக்கு அது தோன்றவில்லை.

கீழ்வீட்டில் இருந்த ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர், சங்கத்தின் தலைவர், ஒருநாள் படிக்கட்டில் அவரை மடக்கினார்.

"தம்பி, காலையில நீங்க அழறது எல்லா வீட்டுக்கும் கேக்குது. மனசைத் தேத்திக்குங்க. நானும் கல்யாணம் ஆனவன்தான்."

"எதுக்கு சார் தேத்திக்கணும்? நான் உடம்புக்காக அழறேன்!"

"புரியுது. உடம்புல எங்க அடி?"

"ஐயோ, யாரும் அடிக்கல சார்! வேணும்னா டாக்டரைக் கேளுங்க!"

"அடப்பாவமே, டாக்டர் வரைக்கும் போயிடுச்சா!"

டயர் கடைக்காரர் மூச்சிரைக்க மாடியேறி மனைவியிடம் ஓடினார்.

"நீ என்னை ஒண்ணும் பண்றதில்லேன்னு எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடு!"

"நான் சொன்னா நம்புவாங்களா? அடிக்கிறவ அடிச்சேன்னா சொல்லுவா?"

"அப்ப அழறதை நிறுத்திடறேன்."

"நல்லா இருக்கே! திடீர்னு நிறுத்தினா, வாயைக்கூடத் திறக்க விடாம பண்ணிட்டாளேன்னு பேசுவாங்க. உடம்புதான் முக்கியம். நீங்க பாட்டுக்கு அழுங்க."

இவளல்லவா மனைவி என்று நெகிழ்ந்துபோனார். அந்த நெகிழ்ச்சிக்காகவும் மறுநாள் கூடுதலாகக் கொஞ்சம் அழுதார்.

தேர்தல் கூட்டம் வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. டயர் கடைக்காரர் எழுந்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"இந்தக் கட்டடத்துக்கு ஒரு இரும்பு மனுஷன்..."

கூட்டம் முழுக்க 'உச்சு' கொட்டியது. ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "இன்னொருத்தரும் பேர் கொடுத்திருக்காங்க. வேற யாரும் இல்ல, தம்பியோட சம்சாரம்தான். இவ்வளவு பெரிய ஆம்பிளையையே இந்த அம்மா இந்தக் கதிக்கு ஆளாக்கி வச்சிருக்காங்க. தண்ணி லாரிக்காரன் எம்மாத்திரம்?"

கைகள் மளமளவென்று உயர்ந்தன. மனைவி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் கையும் உயர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் குதித்தார்.

"துரோகி! எப்ப பேர் கொடுத்தே?"

"நீங்க குளியலறையில இருந்தப்ப. உங்களை ஒரு வார்த்தை கேக்கலாம்னுதான் வந்தேன். உள்ள ரொம்ப உருக்கமா போயிட்டிருந்தது. கலைக்க மனசு வரல."

அதற்குள் கீழே தண்ணீர் லாரியின் ஹாரன் அலறியது. புதுச் செயலாளர் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க, நீங்களும்."

"நான் எதுக்கு?"

"எனக்குப் பின்னாடி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நில்லுங்க. நீங்க தெம்பா நின்னா, லாரிக்காரன் எனக்கு எப்படிப் பயப்படுவான்?"