உங்கள் அண்ணா இருந்த இடத்திலேயே இருக்கிறார்

இயேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு
14.10.2025

அன்புள்ள மச்சாள் இரஞ்சிதம் அவர்களுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் உங்கள் அண்ணாவைக் கல்லறையிலிருந்து கிண்டி எடுக்கப் போகவில்லை. எனக்குப் புத்தியும் தடுமாறவில்லை. "இராசமலர் மச்சாளுக்குத் தட்டிப் போச்சு" என்று நீங்கள் வவுனியாவில் சொன்னது கனடா வரை போயிருக்கிறது. என் மகன் வேலைத்தலத்தில் இருந்தபடியே போன் எடுத்து, "அம்மா, அப்பாவை என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டான். பங்குத்தந்தையிடம் நான் கேட்டது ஒரேயொரு கேள்வி. அது எதற்காக என்று முறையாக எழுதுகிறேன்.

திருத்தம் முடிந்தது, இனி மரியாதை. நீங்களும் பிள்ளைகளும் தேக சுகத்துடன் இருக்க அன்னை மரியாளை மன்றாடுகிறேன். நான் சுகம். என் முழங்கால்கள் சுகமில்லை; அவற்றுக்கு இந்தக் கடிதத்தில் இடமில்லை.

என் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கும் மேனுகாவை உங்களுக்குத் தெரியும், புவியியல் ஆசிரியை. ஒருநாள் சாப்பிடும்போது, உலகம் முழுவதும் எண்ணெயும் நிலக்கரியும் எரிப்பதால் காற்றில் காபனீரொட்சைட்டு வாயு கூடி, பூமி சூடாகி, துருவங்களில் உள்ள பனி உருகுகிறது, கடல் உயருகிறது என்றாள். நான் விடவில்லை. மிதக்கிற பனிக்கட்டி உருகினால் நீர்மட்டம் உயராது என்று கன்னியர் மடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த சிஸ்டர் எனக்கு அறுபத்தைந்து வருடங்களுக்கு முன்பே காட்டித் தந்தவர். அடுத்த ஞாயிறு மரியாயின் சேனைக் கூட்டத்துக்கு ஒரு கண்ணாடித் தம்ளரையும் பிளாஸ்கில் ஐஸ் கட்டிகளையும் கொண்டுபோய், தண்ணீர் மட்டத்தில் கறுப்பு நூல் கட்டி, செபமாலை முடியும்வரை எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன். செபமாலையின் ஐந்து காரணிக்கமும் முடிந்தது, ஐஸும் உருகியது, தண்ணீர் நூலைத் தாண்டவில்லை. பதினொரு பெண்கள் கை தட்டினார்கள். "ஆகவே, பயப்படத் தேவையில்லை" என்று நான் அறிவித்தேன். கூட்டக் குறிப்பேட்டிலும் அப்படியே எழுதுவித்தேன்.

வீட்டுக்கு வந்து மேனுகாவிடம் வெற்றியைச் சொன்னால், அவள் நேரே குசினிக்குப் போய், ஒரு சட்டியில் தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஐஸை அடுக்கி, என் கறுப்பு நூலையே வாங்கிச் சட்டிக்கு அடையாளம் வைத்தாள். "மிதக்கிற ஐஸ் வேற அன்ரி, தரைக்கு மேல கிடக்கிற ஐஸ் வேற. கிறீன்லாந்திலயும் அந்தாட்டிக்காவிலயும் கிடக்கிறது தரைக்கு மேல, மைல் கணக்கான தடிப்பில. இருந்து பாருங்கோ" என்றாள். இருந்து பார்த்தேன். தண்ணீர் நூலை மூடிவிட்டது. திரும்பச் செய் என்றேன். செய்தாள். இன்னொரு முறை என்றேன். "ஐஸ் முடிஞ்சுது அன்ரி. அங்கயும் இப்பிடித்தான், முடிஞ்சா பிறகு திருப்பி வைக்கேலாது" என்றாள். அடுத்த ஞாயிறு அதே பதினொரு பேருக்கு முன்னால் எழுந்து நின்று என் பிழையை ஒப்புக்கொண்டேன். ஒருவரும் கை தட்டவில்லை.

சுற்றிவரத் தண்ணீர் ஏறிய அந்தச் சிரட்டையைப் பார்த்தபோதுதான் எனக்கு உங்கள் அண்ணாவின் நினைவு வந்தது. முப்பது வருடம் கடற்கரைப் பட்டினத்தில் தபாலதிபராக இருந்து, கணுக்காலுக்கு மேல் கடலில் நனையாத மனிதர் அவர். ஆனையிறவில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிந்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தரை வரும்வரை அருள்நிறை மரியே சொல்லுவார். பக்கத்தில் இருந்து சிரித்தது நீங்களும் நானும். அவருடைய கல்லறையிலிருந்து கடலுக்கு இருநூற்றுப்பத்து அடி வைத்தால் போதும். நானே நடந்து எண்ணினேன். நீந்தத் தெரியாத மனிதரை அங்கே விட்டுவிட்டு நான் எப்படி நிம்மதியாகத் தேநீர் குடிப்பது? அதனால்தான் பூசை முடிந்து பங்குத்தந்தையிடம், அடக்கம் செய்த ஒருவரை வேறு சேமக்காலைக்கு மாற்ற என்ன நடைமுறை என்று கேட்டேன். "எங்க அம்மா கொண்டுபோகப் போறியள்?" என்றார். கடலில்லாத இரணைமடுப் பக்கம் என்றேன். "குளத்துக் கதவைத் திறந்தா அங்கயும் தண்ணிதானே!" என்றார். கல்லறை கட்டுகிற மேசன் வீரையாவை அழைத்துக் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா நல்லா அசந்து தூங்குறாரும்மா. கடல் வரட்டும், வந்தா எழுப்பிக்கலாம். இப்பவே எதுக்கு எழுப்புறீங்க?" என்றார். இதைத்தான் யாரோ மதிலுக்கு அப்பால் நின்று கேட்டு, உங்களிடம் வேறு விதமாகச் சேர்த்திருக்கிறார்கள்.

இனி நல்ல செய்தி. மேனுகாவின் தம்பி அஜந்தன் நில அளவையாளர். சென்ற சனிக்கிழமை முக்காலியும் அளவுகோலும் கொண்டுவந்து, கடல்மட்டத்திலிருந்து உங்கள் அண்ணாவின் தலைமாடு எவ்வளவு உயரம் என்று பிடித்தார். மூன்று மீற்றர் இருபது சதமமீற்றர்! இந்த நூற்றாண்டு முடிவதற்குள் கடல் ஏறக்கூடியது அரை மீற்றரிலிருந்து ஒரு மீற்றர் என்று மேனுகா சொல்கிறாள். அதற்குப் பிறகு எவ்வளவு என்பது நாம் இப்போது எரிப்பதைப் பொறுத்தது. 2004 மார்கழியில் சுனாமியாக வந்த அந்தக் கடல் வேறு, அதற்கு யாரும் அளவுகோல் பிடிக்க முடியாது. நான் கேட்டது உருகுகிற பனியைப் பற்றி. மச்சாள், நான் அந்தச் சீமெந்து விளிம்பிலேயே இருந்து சிரித்துவிட்டேன். மூன்று கிழமையாக இறங்காத சோறு அன்று மத்தியானம் இறங்கியது. அவர் நனையமாட்டார். அவரை ஒருவரும் எழுப்பத் தேவையில்லை. எழுப்ப வேண்டியவர் கடைசி நாளில் வந்து எழுப்பிக்கொள்வார்.

ஆனாலும் கடற்கரை ஒழுங்கையில் ஒரு மீற்றரிலும் குறைந்த உயரத்தில் குடியிருக்கிறவர்கள் உயிரோடிருக்கிறவர்கள். என் நிம்மதி அவர்களுக்கு உதவாது. ஆகையால் இதைச் சொல்லவேண்டும். சென்ற மாசியில் அண்ணாவின் நினைவுப் பூசைக்கு வந்தபோது, திரும்பி ஏறும்போது உள்ளே குளிராக இருக்கவேண்டும் என்று, உங்கள் வாகனத்தை ஒன்றேகால் மணித்தியாலம் இயந்திரம் நிற்பாட்டாமல் சேமக்காலை வாசலில் விட்டிருந்தீர்கள். அந்தப் புகை நேரே தென்துருவம் போய்ச் சேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. எல்லோருடைய புகையும் கலந்துதான் பனியை உருக்குகிறது. நான் இரண்டு தடவை விமானத்தில் கனடா போய் வந்தவள். அது உங்கள் வாகனம் பல மாசிகள் நின்று புகைப்பதற்குச் சமம் என்று மேனுகா சொன்னதை மறைத்தால் அது பொய்யாகும். மூன்றாம் பயணம் வேண்டாமென்று மகனுக்குச் சொல்லிவிட்டேன். வரும் மாசிக்கு நீங்கள் பஸ்ஸில் வாருங்கள். இயலாவிட்டால், வாகனத்தை மரநிழலில் விட்டு, இயந்திரத்தை நிற்பாட்டித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூசைக்கு வாருங்கள். தங்கை தனக்காகக் கொஞ்சம் வியர்க்கக் கூடாதா என்று உங்கள் அண்ணா கேட்கமாட்டார்; நான் கேட்கிறேன்.

பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர். திருக்குடும்பம் உங்கள் வீட்டைக் காப்பதாக.

அன்புடன் மச்சாள்,
இராசமலர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஒன்று. அஜந்தன் கவனமான பிள்ளை. கேட்காமலேயே அண்ணாவுக்கு இரண்டு பக்கமும் உள்ள வெற்று இடங்களையும் அளந்திருக்கிறார். கடல் பக்கம் எனக்குப் பதிந்து வைத்த இடம், கோயில் பக்கம் உங்களுக்குப் பதிந்த இடத்தைவிட ஒரு சாண் தாழ்வு. நான் பயப்படவில்லை. பயப்படத் தேவையில்லை என்று மேலே இரண்டு தாளில் எழுதியவள் நான்தான். ஆனாலும் நாங்கள் இருவரும் இடத்தை மாற்றிக்கொண்டால் என்ன? நீங்கள் எனக்கு ஆறு வயது இளையவர். அதைவிட, எங்கள் மூவரில் நீந்தத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். சம்மதமா இல்லையா என்பதைத் தயவுசெய்து எழுத்தில் அறியத் தாருங்கள்.