கரையான் செமிகண்டக்டரும் உடும்பு போட்ட முதலும்

ஒரு காட்டில், புலியிலிருந்து புனுகுப்பூனை வரை எல்லோரும் பங்கு வாங்க டிமேட் கணக்கு திறந்து முடித்திருந்த காலத்தில், சடையன் என்று ஓர் உடும்பு இருந்தது. பங்குதாரரை 'அது' என்று சொல்வது மரியாதை இல்லை. 'அவன்' என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தக் காட்டில் காசு என்றால் புளியங்கொட்டைதான். சடையனும் அவன் மனைவி செவத்தியும் வருஷக்கணக்காகப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு பாறையிடுக்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆற்றோரத்து மருதமரத்தில் ஒரு பொந்து விலைக்கு வந்திருந்தது. செவத்திக்கோ வயிறு நிறைய முட்டை. பொந்து அமையாவிட்டால் முட்டையை வெட்டவெளியில்தான் இடவேண்டும். வெட்டவெளியில் கிடக்கிற முட்டைக்குக் காட்டில் சொந்தக்காரர்கள் அதிகம்.

பொந்தைப் பேசி முடிக்கச் சடையன் புறப்பட்ட காலையில் கைபேசி கிணுகிணுத்தது. 'காட்டுக் கோடீஸ்வரர்கள்' என்கிற குழுவில் காகம் அங்கமுத்து எழுதியிருந்தது. அந்தக் குழுவுக்கு அட்மின் அதுதான்.

"கரையான் செமிகண்டக்டர். இன்னைக்கு விட்டா என்னைக்கும் இல்ல. உலகமே சிப்புக்கு ஏங்குது. பொந்து வாங்க நினைக்கிறவன் பொந்துலயே இருப்பான். இதை வாங்குறவன் மரத்தையே வாங்குவான்."

தன்னையே பார்த்துச் சொன்னது போல இருந்தது சடையனுக்கு. மருதமரத்துக்குப் போகவேண்டிய கால் அப்படியே திரும்பிவிட்டது. பாறையிடுக்கைத் துடைத்து எல்லாவற்றையும் அந்தப் பங்கில் போட்டான். ஒரு கொட்டை மிச்சமில்லை.

வாங்கின மறுநாளிலிருந்து விலை இறங்கியது. இறங்கியது என்றால் சும்மா இல்லை, வழுக்குப்பாறையில் கால் வைத்த மாதிரி. பாதிக்கு வந்து நின்றது.

சடையன் பதறிப்போய்க் குழுவில் கேட்டான். "அண்ணே, என்னண்ணே இப்படி விழுது?"

குரங்கு மாயாண்டி முதலில் பதில் போட்டது. "விழுந்தா வாங்கு. ஆவரேஜ் பண்ணு, வாங்கின சராசரி விலை குறையும். நான் காலைல வித்தேன், மறுபடி வாங்கினேன், இப்ப வித்துட்டு உன்கூடப் பேசுறேன்."

"லாபமாண்ணே?"

"அதெல்லாம் தெரியாது. சுறுசுறுப்பா இருக்கேன்."

ஆமை வேலப்பர் சாவகாசமாக வந்து சேர்ந்தார். "தம்பி, விலையைப் பார்க்காதே. நான் என் கொள்ளுப்பேரன் கல்யாணத்துக்காக வாங்கியிருக்கேன். எனக்கு இன்னும் பேரனே பொறக்கலை. அவசரமா எனக்கு?"

சடையனுக்கு இருந்தது அவசரம். செவத்தி நாளுக்கு நாள் நடை தளர்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பதற்றத்தில், அந்தக் குழுவில் யாருமே கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டான்.

"தப்பா நினைக்காதீங்க. இந்த செமிகண்டக்டர்னா என்ன?"

குழுவில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

மாயாண்டி மெல்ல ஆரம்பித்தது. "மணல்ல செய்யுறதுடா. நம்ம ஆத்துல மணல் கிடக்குதா இல்லையா? அப்ப விலை ஏறுமா ஏறாதா?"

வேலப்பர் சொன்னார். "தம்பி, மழை பெய்யுது, நனையிறே. மழை எப்படி உண்டாகுதுன்னு கேட்டுட்டா நனையிறே?"

அங்கமுத்து கடைசியாக ஒரு வரி போட்டது. "கேள்வி கேக்குறவங்க எதிர்க் கம்பெனி ஆளுங்களா இருக்கலாம். எல்லாரும் ஜாக்கிரதை."

சடையன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். பக்கத்தில் படுத்திருந்த செவத்தி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"ஏங்க, இங்க உக்காந்து காக்காகிட்டயும் கொரங்குகிட்டயும் எதுக்குக் கேக்குறீங்க? கம்பெனி எங்க இருக்கு?"

"மேட்டுக்காட்டுல. பெரிய புத்தாம்."

"கால் இருக்குல்ல? போய்ப் பாருங்க. நம்ம கொட்டையைப் போட்டு என்னத்தைக் கட்டியிருக்கானுகன்னு பாத்துட்டு வாங்க."

சடையன் போனான். புற்று என்றால் அப்படி ஒரு புற்று அவன் பார்த்ததில்லை. பனைமர உயரத்துக்குச் செம்மண் கோபுரம். வாசலில் ஓர் உடும்பு வந்து நிற்பதைப் பார்த்ததும் காவலுக்கு நின்ற கரையான்கள் கலைந்து ஓடின. நியாயம்தானே! உடும்புக்குக் கரையான் என்றால் நமக்கு மிக்சர் மாதிரி. ஒரே ஒரு கரையான் மட்டும் ஓடாமல் நின்றது. மேலாளர் நல்லதம்பி.

"வணக்கம். பங்குதாரருங்களா?" என்றது நல்லதம்பி.

சடையன் கைபேசியில் தன் பங்குக் கணக்கைக் காட்டினான். நல்லதம்பி பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.

"அப்ப வாங்கண்ணே, வாங்க. இது உங்க கம்பெனி. எங்களைச் சாப்பிட்டா உங்க விலைதான் இறங்கும்."

நாக்கின் நுனி வரை வந்திருந்த எச்சிலைச் சடையன் விழுங்கிக்கொண்டான். இப்படி ஒரு தொழிற்சாலைக்குள் பசியோடு வந்திருக்கக் கூடாது.

உள்ளே ஒரு பெரிய அறை. பஞ்சு மாதிரி இதமான சூடு. தூசி ஒரு துணுக்கு இல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாமல் வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

"இதுதாண்ணே சுத்த அறை. சிப் செய்யுற எடம். தும்மக்கூடக் கூடாது."

"சிப் எங்க?"

"மெஷின் வரணும்."

"எப்ப வரும்?"

"எந்த மெஷின்னு இன்னும் முடிவாகலைண்ணே." நல்லதம்பி கூச்சத்தோடு உணர்கொம்பைத் தடவிக்கொண்டது. அதற்குப் பொய் பேச வராது, பாவம். "எங்களுக்குக் கட்டடம் கட்டத் தெரியும். அதுல எங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. சிப் எப்படிச் செய்யுறதுன்னு யாராவது சொல்வாங்கன்னு நாங்களும் உங்க குழுவுலதான் பாத்துக்கிட்டிருக்கோம்."

"அப்புறம் எதுக்குய்யா பங்கு வித்தீங்க?"

"அதுவாண்ணே? போன வருஷம் வரைக்கும் கரடி தோண்டும், எறும்புதின்னி தோண்டும், உங்க ஆளுங்களும் தோண்டுவாங்க. புத்து நிலைச்சதே இல்லை. பங்கு வெளியிட்டோம். எல்லாரும் வாங்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஒருத்தர் ஒரு நகம் வைக்கணுமே! கரடியார் வாரா வாரம் வந்து சுவத்தைத் தடவிக் கொடுத்துட்டுப் போறாரு."

சடையன் அங்கேயே வயிற்றைத் தரையோடு அப்பிப் படுத்துவிட்டான். கொட்டையைத் திருப்பிக் கேட்டால் கொடுக்கமாட்டார்கள், எல்லாம் சுவராகிவிட்டது. விற்கலாமென்றால் பாதிகூடத் தேறாது. மருதமரத்துப் பொந்தை ஒரு கீரி வாங்கிக் குடி வந்தாயிற்று. செவத்தி முகத்தில் எப்படி விழிப்பது? படுத்த இடம் மட்டும் சுகமாக இருந்தது. அடிவயிற்றில் இதமாகச் சூடு ஏறியது. அப்போதுதான் அவனுக்கு அது தோன்றியது.

"தம்பி நல்லதம்பி, மெஷின் வர்ற வரைக்கும் இந்த அறை சும்மாத்தானே கிடக்கு?"

மறுநாள் செவத்தி வந்தாள். அறையை ஒரு சுற்று சுற்றினாள். தரையை முகர்ந்து பார்த்தாள். புருஷனை முறைத்துக்கொண்டே வந்த முகம் இளகியது.

"எங்க அம்மா என்னை முட்டையா இட்டுட்டுப் போன எடமும் இப்படித்தான் இருந்துச்சு. சூடு சரியா இருக்கு. பொந்தெல்லாம் இதுக்குக் கால் தூசி."

நல்லதம்பி ஒரு நிபந்தனை மட்டும் சொன்னது. "பங்குதாரர் குடும்பம்ங்கிறதால விடுறோம். பங்கை வித்துட்டா அன்னைக்கே காலி பண்ணிடணும்ண்ணே. அப்புறம் எங்க ஆளுங்க பயப்படுவாங்க."

சரி என்றாள் செவத்தி. நிம்மதியாக முட்டையிட்டாள். சுத்த அறை நிறைய, வரிசையாக, வெள்ளை வெளேரென்று.

கரையான்கள் கதவைச் செம்மண்ணால் பூசி மூடிக்கொண்டிருந்த நேரம். கடைசி ஓட்டை அடைபடுவதற்குள் அந்த வழியாகப் பறந்த அங்கமுத்து எட்டிப் பார்த்துவிட்டது. பசியோடு பார்த்திருந்தால் அதற்கு முட்டை என்று தெரிந்திருக்கும். பங்குதாரராகப் பார்த்ததால் சிப் என்று தெரிந்தது.

படம் உடனே குழுவுக்குப் போனது. "உற்பத்தி ஆரம்பம்! வெள்ளை நிறத்தில் புது ரகம்! கதவைப் பூசி ரகசியமா மூடுறாங்க! ரகசியம் இல்லாம யாராவது மூடுவாங்களா?"

மாயாண்டி கிளையிலிருந்து குதித்தே விட்டது. "நேத்துதான்டா வித்தேன்! ஐயோ!"

"எனக்குப் பேரன் பொறந்தா சிப்புன்னுதான் பேரு," என்றார் வேலப்பர்.

அன்று சந்தை திறந்ததும் விலை எகிறியது. ஒரு நாளில் எவ்வளவு ஏறலாம் என்று விதி இருக்கிறதோ அவ்வளவும் ஏறி, வாங்க ஆள் இருந்தும் விற்க ஆள் இல்லாமல் நின்றது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

சடையனுக்கு மனசு கேட்கவில்லை. ஊரை ஏமாற்றிக் குஞ்சு பொரிக்க வேண்டுமா? குழுவில் உள்ளதை உள்ளபடி எழுதினான்.

"பெரியவங்க மன்னிக்கணும். அது சிப் இல்ல. என் பெண்சாதி இட்ட முட்டை. கம்பெனிகிட்ட மெஷினே கிடையாது. நான் நேர்ல பாத்தேன்."

"கேட்டீங்களா கதையை!" என்றது மாயாண்டி. "விலையை இறக்கி மலிவா வாங்கப் பாக்குறான்."

"முட்டைன்னு சொல்லிக் கெடுக்குற அளவுக்கு உள்ள ஏதோ பெருசா நடக்குது," என்றார் வேலப்பர். "நான் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கிறேன்."

அங்கமுத்து சடையனைக் குழுவிலிருந்து நீக்கியது. விலை இன்னும் ஏறியது.

இப்போது விற்றால் மருதமரமே வாங்கலாம். விற்றாலோ முட்டையை வெளியே தூக்க வேண்டும். செவத்தியிடம் ஒரு தடவை ஜாடையாகக் கேட்டுப் பார்த்தான்.

"வித்துப் பாருங்களேன்," என்றாள் அவள், வாலை மெல்லத் தரையில் தட்டிக்கொண்டு.

அவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வெயில் காலம் முழுக்கப் புற்றின் வாசலில் காவல் கிடந்தான். விலை ஏறுவதையும் பார்த்தான், கரையான்கள் மூக்கெதிரே போய்வருவதையும் பார்த்தான். இரண்டிலும் வாய் வைக்க முடியவில்லை. இளைத்துத் துரும்பாகிவிட்டான்.

முதல் மழை பெய்தது. மண் இளகியது. உள்ளே முட்டைகள் வெடித்தன.

குஞ்சுகளுக்கு நல்ல பசி. அதுகளுக்கு டிமேட் கணக்கும் இல்லை, பங்கும் இல்லை. சுற்றிலும் பார்த்தால் சாப்பாடு கொம்பை ஆட்டிக்கொண்டு ஷிஃப்ட் மாறிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் நடந்ததை விவரிக்க வேண்டாம். புற்றின் உச்சியிலிருந்து மேல்மட்ட நிர்வாகம் மட்டும் இறகு முளைத்து ஈசலாகக் கிளம்பிப் போனது.

சடையனின் மூக்கில் ஓர் ஈசல் வந்து உட்கார்ந்தது. பார்த்தால் நல்லதம்பி.

"அண்ணே, உங்க புள்ளைங்க நல்ல ஆரோக்கியமா இருக்காங்க."

சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி, உன் ஆளுங்க..."

"இனிமே யாரும் இல்லண்ணே. சந்தைக்கு அறிவிப்பு கொடுத்தாகணும். உள்ளதை மறைக்க எனக்கு வராது."

"கொஞ்சம் பொறு தம்பி. அதுக்குள்ள நான் வித்துக்கிறேன். புள்ளைங்களுக்கு இந்தக் கொட்டைதான் இருக்கு."

"உள்விவரம் முன்னாடியே தெரிஞ்சு விக்கிறது குத்தம்ண்ணே."

சடையனின் நாக்கு ஒரு தரம் வெளியே வந்தது. மூக்கின் மேல் உட்கார்ந்திருப்பது ஒரு கவளம்கூட இல்லை. விழுங்கிவிட்டால் அறிவிப்பும் இல்லை, குற்றமும் இல்லை. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "அனுப்பிடு."

நல்லதம்பி அனுப்பியது. ஒரே வரி. 'கரையான் செமிகண்டக்டரில் இன்று முதல் ஊழியர் ஒருவரும் இல்லை, நிர்வாகமும் இல்லை.'

பிறகு அங்கமுத்துவின் குரல் ஏழு மரம் தாண்டிக் கேட்டது. "ஆளே இல்லாம ஓடுற ஆலை! சம்பளச் செலவு சுத்தமா கிடையாது! எல்லாம் தானியங்கி! வாங்குங்க, வாங்குங்க!"

சடையன் கண்ணைத் திறந்தபோது விலை அவன் கனவிலும் பார்க்காத இடத்தில் இருந்தது. விற்கும் பொத்தானை அழுத்தினான். தொட்ட மாத்திரத்தில் எல்லாப் பங்கும் விற்றுப் போய்விட்டது.

"அட, யாருங்க வாங்கினா?" என்றாள் செவத்தி, குஞ்சுகளை எண்ணிக்கொண்டே.

"எல்லாரும்."

நல்லதம்பி மூக்கின் மேலிருந்து கேட்டது. "அண்ணே, அப்ப நீங்க இப்ப பங்குதாரர் இல்லையா?"

"இல்ல தம்பி," என்றான் சடையன். ஒரு வெயில் காலத்துப் பசி முழுக்க அந்தக் குரலில் இருந்தது.

நல்லதம்பி அதற்குள் மூங்கில் தோப்பைத் தாண்டியிருந்தது.

நீதி: உன்னைத் தின்னக்கூடியவனுக்கு முதலில் ஒரு பங்கை விற்றுவிடு, அவன் அதைத் திருப்பி விற்பதற்குள் இறகு முளைத்துக்கொள்.