வால் வைத்த முடிச்சு

வெண்கரை என்று ஒரு சிறிய நாடு. அங்கே ஒருவன் ஆற்றில் மூழ்கி இறந்தான். மன்னர் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் சாப்பிட்டுவிட்டு ஆணையிட்டார்: இனி எவரும் ஆற்றுப் பக்கம் போகாதபடி, குடிகள் அனைவரையும் அவரவர் வாசல் தூணில் இருபது முழக் கயிற்றால் கட்டிவைக்க வேண்டும்.

பிறகு ஒருத்தி மரத்திலிருந்து விழுந்தாள். கயிறு பத்து முழமாயிற்று. கயிறு தடுக்கி இருவர் பல்லை உடைத்துக்கொண்டார்கள். "ஆபத்து நீளத்தில்தான் இருக்கிறது" என்றார் பாதுகாப்பு மந்திரி. மூன்று முழமாயிற்று. வயலுக்கு யாரும் போகாததால் பஞ்சம் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை. அது கயிற்றின் மகிமை என்று அரண்மனை அறிவித்தது.

கட்டும் வேலை வேம்பனுடையது. மாடு மேய்த்துக்கொண்டிருந்தவனை முடிச்சு அதிகாரி ஆக்கியிருந்தார்கள். அவிழாத முடிச்சுதான் போடவேண்டும் என்பது சட்டம். ஆனால் கொட்டகையில் தீப்பிடித்தால் மாடு வெந்துபோகுமே என்று பழகிய கை அவனுடையது. நுனியை வால்போல் விட்டு, ஒரே இழுப்பில் அவிழும்படிதான் அந்தக் கை முடிச்சுப் போட்டது. வாலை உள்ளே செருகி மறைத்தான். யாராவது அவிழ்த்துக்கொண்டு ஆற்றில் விழுந்தால்? அந்தப் பயத்தில் தினமும் மாலையில் வீடுவீடாகச் சோதிப்பான்.

"இறுக்கமா இருக்காக்கா?"

"மூச்சே முட்டுது தம்பி. நல்லா இருக்கு" என்பாள் சலவைக்காரி சடையம்மா.

ஒரு நண்பகலில் வெள்ளம் வந்தது. வேம்பன் அரண்மனைக்கு ஓடினான். பாதி வழியிலேயே மந்திரி படகில் எதிரே வந்தார்.

"முத்திரை இல்லாமல் ஒருவரையும் அவிழ்க்கக் கூடாது!"

"முத்திரை எங்கேங்க?"

"அரண்மனையில்."

"அரண்மனை?"

"தண்ணீரில்."

வேம்பன் அப்படியே திரும்பி, "வாலைப் பிடிச்சு இழுங்க!" என்று கத்தியபடி தெருக்களில் ஓடினான். வெறும் கயிறுகள் மிதந்தன.

"இங்க வாப்பா!" குன்றின் மேலிருந்து சடையம்மாவின் குரல் கேட்டது. நாடே அங்கே இருந்தது. குடிகளில் ஒரு தலை குறையவில்லை. வேம்பன் உட்கார்ந்து அழுதான்.

"மாடு மேய்ச்சவன் முடிச்சுன்னா வால் இருக்கும்னு மொத நாளே தெரியும். தெனம் வயலுக்குப் போயிட்டு, நீ வர்ற நேரத்துக்குக் கட்டிக்கிட்டு நிப்போம்."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பயந்துடுவே. பயந்தவன் இறுக்கிடுவான்."

ஒருவர்தான் குறைந்தார். குடிகளுக்கு முன்மாதிரியாக, அரண்மனை வாசலில் நட்ட சந்தனக் கம்பத்தில் மன்னரும் கட்டுண்டிருந்தார். அந்த முடிச்சை மந்திரியே சட்டப்படி போட்டிருந்தார். வேம்பன் நான்கு பேரோடு போனபோது தண்ணீர் மன்னரின் மார்பில் நின்றது.

"தொடாதே! இது என் ஆணை!"

பிறர் சொல் கேளாமல் அவர்கள்மேல் கைவைப்பது வேம்பனுக்குப் பழகிய வேலை. அன்றுதான் அதில் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. முடிச்சு அவிழவில்லை. கம்பத்தோடு பெயர்த்துத் தூக்கி வந்தார்கள்.

குன்றில் கம்பத்தைச் சாய்த்து வைத்ததும், அதில் கட்டுண்டபடியே மன்னர் உரையாற்றினார்: "கட்டப்பட்ட ஒருவரும் சாகவில்லை. கயிறு நாட்டைக் காத்தது. நாளை முதல் ஆளுக்கு இரண்டு கயிறு!"

மக்கள் மனமார வாழ்த்தினார்கள்.

மறுநாள் முதல் ஆளாக வந்து நின்ற சடையம்மா, இடுப்பை நீட்டியபடி மெல்லச் சொன்னாள்: "ரெண்டுக்கும் வால் வை தம்பி."